கல்லறை மாப்பிள்ளை

கல்லூரியின் மாடிக் கோடியில், நடை வளைகிற இடத்தில் ஓர் அறை இருந்தது. சுரங்கப் பொறியாளர் ஒருவர் வாழ்நாளெல்லாம் பொறுக்கிச் சேர்த்த கற்களை, பெட்டியும் பீரோவுமாகக் கல்லூரிக்கு எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். பாரம் தாங்காமல் அவர் வீட்டுத் தரை ஒருபக்கமாக இறங்கிவிட்டதாகவும், பிள்ளைகள் அத்தனை தாராளமாகக் கொடுத்ததற்கு அதுதான் காரணம் என்றும் ஒரு பேச்சு உண்டு. கதவுக்கு மேல் பலகையில் 'கனிமச் சேகரிப்பு' என்று எழுதியிருந்தது. யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. கல் இருக்கிற அறை, ஆகவே கல்லறை. அதைப் பார்த்துக்கொண்டவர் கல்லறைக்காரர்.

அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் இல்லை. ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. யாரையாவது பார்த்துச் சிரிப்பதற்குள் அவர்கள் கடந்து போயிருப்பார்கள்; அவ்வளவு நிதானம். கற்களோடு இருப்பவருக்கு அவசரம் எதற்கு என்பார்கள் மற்றவர்கள். அது தப்பு. கல்லைப்போல அவசரப்படுத்துகிற பொருள் வேறில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். அங்கே ஓர் உப்புக்கட்டி இருந்தது, செங்கல் அளவு, கண்ணாடிபோல. மழை பிடித்தால் அதற்கு வியர்த்துவிடும். விட்டுவிட்டால் கரைந்து அலமாரியை நனைத்துவிடும். ஒரு சிவப்புக் கல் இருந்தது. வெயிலைக் காட்டினால் மஞ்சள் பொடியாக உதிர்ந்துபோகும். அதனால் கறுப்புத் துணி போர்த்தி வைத்திருந்தார். யாராவது பார்க்க வந்தால் புதுப்பெண் முகத்திரையை விலக்குவதுபோல் ஒரு நொடி விலக்கி, "பாத்துட்டீங்களா? போதும்," என்று மூடிவிடுவார்.

எல்லாவற்றையும் விடத் தொல்லை கொடுத்தது பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல், பார்வைக்கு அசல் தங்கம். அதில் சிலவற்றுக்கு ஈரக்காற்றுப் பட்டால் நோய் வந்துவிடும். மேலே சாம்பல் நிறத்தில் பொடி பூக்கும், அமிலம் கசியும், பெட்டியைத் தின்னும், பேர் எழுதிய சீட்டைத் தின்னும், பக்கத்தில் உள்ள கல்லையும் சும்மா விடாது. அப்படி நோய்கண்ட ஒரு பைரைட்டை, கொத்துக் கொத்தாகத் தங்கப் பகடைகளை ஒட்டவைத்ததுபோல் இருக்கும் அதை, அவர் தனியே ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடியிருந்தார். ஜாடிக்குள் ஈரத்தை உறிஞ்சுகிற நீல மணிகளையும் கொட்டியிருந்தார். அவரைப் பொறுத்தவரை அது ஆஸ்பத்திரி.

அவருக்குக் கல்யாணமான கதை பல்லில் தொடங்கியது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் பல் மருத்துவரிடம் போனவர், மரத்த வாயோடு எழுந்து, தட்டில் கிடந்த மெல்லிய கொக்கி ஊசிகளைக் காட்டி, தேய்ந்ததைத் தூக்கிப் போடுவதானால் தனக்குத் தர முடியுமா என்று கேட்டார். ஒரு சொல்லும் முழுசாக விழவில்லை. அங்கே உதவியாளராக இருந்த பெண், பிடுங்கிய பல்லைக் கேட்கிறார் போலிருக்கிறது என்று அதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் பல்லைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கல்லிடுக்கில் அடைந்த தூசியை எடுக்க அந்த ஊசிக்கு ஈடே கிடையாது என்று விளக்கினார். பல்லிடுக்கும் கல்லிடுக்கும் ஒன்றா என்று அவள் கேட்டாள். கல் வாயை மூடாது, அது ஒரு வசதி என்றார். அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் அவருக்கு ஊசி தேய்ந்துகொண்டே இருந்தது.

அவளுடைய அப்பா ஒரு சலவைக்கடை வைத்திருந்தார். கோட்டு, பட்டு, கம்பளி எல்லாம் அவர் கைக்கு வந்து புதிதாகித் திரும்பும். பெண் ஒருவரைச் சொன்னதும், சரி, விசாரித்துவிடலாம் என்று கல்லூரி வாசலுக்கே போனார். அன்னாரை எங்கே பார்க்கலாம் என்று காவலாளியைக் கேட்டார்.

"அவரா? கல்லறையில இருப்பாரு," என்றார் காவலாளி.

மனிதருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போதிருந்து என்று மெல்லக் கேட்டார்.

"ரொம்ப வருஷமா அங்கதாங்க. சாயங்காலம் ஆனா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுவாரு."

அவர் வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்துவிட்டார். பெண் வந்து எழுப்பி, அது கல் இருக்கிற அறை, விலைமதிக்க முடியாத கல்லெல்லாம் அங்கே இருக்கிறது, இவர்தான் பொறுப்பு என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார். 'விலைமதிக்க முடியாத' என்பது மட்டும் அவர் காதில் போய் உட்கார்ந்துகொண்டது. வைரம் என்றா சொன்னாய் என்று கேட்டார். ஒன்றோ இரண்டோ இருக்கலாம் என்றாள் பெண், வேறு ஞாபகமாக. அத்தோடு கல்யாணம் நிச்சயமாயிற்று.

இதற்குப் பின்னால் ஒரு மச்சான் இருந்தார், அதாவது மாமனாருடைய மனைவியின் அண்ணன். அவருடைய மருமகன் விமானம் ஓட்டுபவன். உறவுக்காரர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் மச்சான் வானத்தைப் பார்த்தபடியேதான் உட்காருவார். ஏதாவது விமானம் தலைக்கு மேல் போனால், அது யாருடையதாக இருந்தாலும், "நம்ம பையன்தான்," என்று கையசைப்பார். மாமனார் பல வருஷமாக இதைப் பொறுத்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கும் ஒரு மாப்பிள்ளை கிடைத்துவிட்டார். வானத்தில் என்ன இருக்கிறது, வெறும் காற்று. தன் மாப்பிள்ளை வசம் இருப்பதோ தங்கமும் வைரமும் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார்.

வீட்டிலோ மாப்பிள்ளையின் கைவரிசை வேறு மாதிரி இருந்தது. சர்க்கரை டப்பாவில் ஈரம் உறிஞ்சுகிற மணிகளைத் துணியில் முடிந்து போட்டார். மனைவியின் சிவப்பு உடை வெளுத்துவிடும் என்று பகலிலும் திரையை இழுத்துவிட்டார். பருப்பு டப்பா, மிளகு டப்பா எல்லாவற்றிலும் பேர், கிடைத்த இடம், தேதி என்று சீட்டு ஒட்டினார். மனைவி ஒருநாள் அவர் தூங்கும்போது சட்டையில் ஒரு சீட்டைக் குத்திவிட்டாள். அதில் 'கிடைத்த இடம்: பல் ஆஸ்பத்திரி' என்று இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, தேதி விட்டுப்போயிருக்கிறதே என்றார்.

மழைக்காலத் தொடக்கத்தில் மாமனார் முதல்முறையாகக் கல்லறையைப் பார்க்க வந்தார். கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். மாப்பிள்ளை இழுப்பறை இழுப்பறையாகக் காட்டினார். இருப்பதிலேயே உசத்தி எது என்று மாமனார் கேட்டார். மாப்பிள்ளை பயபக்தியோடு ஒரு பழுப்புக் கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். வெல்லம் கெட்டுப்போனதுபோல் இருந்தது. உலகத்தில் வேறு எங்கும் கிடைப்பது அரிது என்றார். மாமனார் தலையாட்டினார். மனசுக்குள், ஆள் கெட்டிக்காரர், அசலை வெளியே காட்டமாட்டார் என்று மெச்சிக்கொண்டார்.

அப்போதுதான் மூலையில் இருந்த ஜாடியைப் பார்த்தார். மற்றதெல்லாம் அட்டைப் பெட்டியில் கிடக்க, இது ஒன்றுக்கு மட்டும் கண்ணாடி ஜாடி, இறுக்கிய மூடி, போதாக்குறைக்கு 'தொடாதே' என்ற சிவப்பு எழுத்து. உள்ளே தங்கம். தங்கத்தைச் சுற்றி நீலக் கற்கள். மாமனாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மாப்பிள்ளை தேநீர் வாங்கப் போன நேரத்தில் மாமனார் ஜாடியைத் திறந்தார். திருட வேண்டும் என்ற எண்ணம் அவருக்குச் சத்தியமாகக் கிடையாது. மச்சான் பிறந்தநாள் விருந்து வருகிறது. அங்கே ஒருமுறை காட்டிவிட்டு, வந்த வழியே கொண்டுவந்து வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். தங்கத்தை எடுத்துக் கோட்டின் உள்பையில் போட்டார். கூடவே ஒரு பிடி நீலக் கற்களையும் போட்டார். தேநீர் வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பி மழையை ரசித்துக்கொண்டிருந்தார்.

ஜாடியில் கல் இல்லாததை மாப்பிள்ளை அடுத்த வாரம்தான் கவனித்தார். யார் எடுத்தார்கள் என்ற கேள்வியே அவருக்குத் தோன்றவில்லை. மழை பெய்கிறதே, அதை எங்கே வைத்திருக்கிறார்களோ என்ற கவலைதான் அரித்தது. யோசித்துப் பார்த்து, கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். 'கல்லறையிலிருந்து கல் எடுத்துச் சென்றவர் கவனத்துக்கு: அந்தக் கல்லுக்கு உடம்பு சரியில்லை. துணி, காகிதம், மரம் இவற்றின் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஈரம் ஆகாது. கந்தக வாடை வந்தால் பயப்பட வேண்டாம். உடனே அழைத்து வரவும்.'

எந்தக் கல் என்று அவர் எழுதவில்லை. எடுத்தவருக்குத் தெரியாதா என்ன என்று விட்டுவிட்டார். அங்கேதான் வேடிக்கை. அந்தக் கல்லூரியில் கல் எடுத்தவர்கள் ஒருவர் இருவரல்ல. தாளைப் படித்த ஒவ்வொருவருக்கும் அது தன் வீட்டுக் கல்லைத்தான் சொல்கிறது என்று பட்டது.

முதலில் வந்தவர் வேதியியல் பேராசிரியர். நாற்காலியின் குட்டைக் காலுக்கு அண்டை கொடுத்திருந்த கல்லைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு நாளாகத் தனக்கே இருமல், இதனாலா என்று விசாரித்தார். கேன்டீன்காரம்மா கதவுக்கு முட்டுக்கொடுத்த கல்லை இடுக்கியால் பிடித்து எடுத்து வந்தார். நூலகர் ஒன்றை வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு ஓடிவிட்டார். முதல்வர் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருந்த படிகம் பியூன் கையில் வந்தது. முதல்வருக்கு ஒன்றும் தெரியாது, மேசையில் தானாகவே இருந்தது என்று சொல்லச் சொன்னதாகப் பியூன் சொன்னார். பிறகு கால் சட்டைப் பையில் கைவிட்டு, இது மட்டும் என்னுடையது என்று இன்னொன்றையும் வைத்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனையோ வருஷமாக வெறும் சீட்டு மட்டும் கிடந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. பல் மருத்துவமனை ஊசியால் ஒவ்வொன்றின் அழுக்கையும் நீக்கி, அடியில் இருந்த எண்ணைப் பார்த்து, உரிய இடத்தில் உட்காரவைத்தார். பேராசிரியரின் இருமலுக்குக் கல் காரணமில்லை என்றும் உறுதி கொடுத்தார். எல்லாம் வந்தது. தங்கப் பகடைக் கொத்து மட்டும் வரவில்லை.

அது சலவைக்காரர் வீட்டு அலமாரியில், கோட்டுக்குள், அந்துருண்டைகளின் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. மாமியாருக்கு அலமாரியில் ஏதோ நாறுவதுபோல் இருந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று தினமும் தேடினார். மாமனார் அவர் கண்ணில் படாமல் ஒருநாள் பையில் கையை விட்டு இரண்டு நீலக் கற்களை எடுத்துப் பார்த்தார். நீலமாகப் போனவை இளஞ்சிவப்பாக இருந்தன. ஈரம் குடித்தால் அந்த மணிகள் நிறம் மாறும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் நிறம் மாறுவது என்றால் சாதாரண சங்கதியா? மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, சும்மா கேட்கிறேன் என்று ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, நீலக்கல்லு தானா செவப்பாகுமா?"

மாமனாருக்கு இதிலெல்லாம் இவ்வளவு ஆர்வமா என்று மாப்பிள்ளை நெகிழ்ந்துபோனார். நீலமும் கெம்பும் அடிப்படையில் ஒரே கல்தான், கலந்திருக்கிற சிறு துளி வேறுபாட்டால்தான் நிறம் வேறாகிறது என்று வெகுநேரம் விளக்கினார். மாமனார் அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, திருப்தியாகப் போனை வைத்தார்.

மச்சானின் பிறந்தநாள் மதிய விருந்துக்கு உறவெல்லாம் வந்திருந்தது. விமானம் ஓட்டும் மருமகன் வரவில்லை, வானத்தில் இருந்தான். மச்சான் அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். மாமனார் கோட்டும் டையுமாகக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் இருந்தவர்கள்தான் ஏதேதோ சாக்குச் சொல்லி இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். தீக்குச்சிக் கட்டை எரித்து அதன்மேல் முட்டையை உடைத்த மாதிரி ஒரு வாடை. ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். மச்சான் சாக்கடைக் குழாய் போன வாரம்தான் சரிசெய்யப்பட்டது என்று தானாகவே ஒரு விளக்கம் கொடுத்தார். ஒரு பெரியம்மா மாமனாரிடம் வந்து, சாப்பாட்டில் காரத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி ரகசியமாகப் புத்திமதி சொன்னார்.

மகளும் மாப்பிள்ளையும் கொஞ்சம் தாமதமாக வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகள் நின்றாள். அந்த வாடை அவளுக்கு நன்றாகத் தெரியும். வாரத்தில் இரண்டு நாளாவது கணவனின் சட்டையோடு வீட்டுக்கு வருகிற வாடை. கணவனை முகர்ந்தாள், இல்லை. மூக்கு போன வழியே நடந்தாள். அது அப்பாவின் நாற்காலியில் போய் முடிந்தது.

"அப்பா, பாக்கெட்டுல என்ன வச்சிருக்கீங்க?"

அதே நேரத்தில் மாமனார் எழுந்தார். இதற்கு மேல் நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மச்சானைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "சிலர் மாப்பிள்ளை மேல பறப்பாரு. என் மாப்பிள்ளை பொறுப்புல என்ன இருக்குன்னு இப்ப எல்லாரும் பாருங்க," என்று சொல்லி, கோட்டின் உள்பைக்குள் கையை விட்டார்.

கை உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கோட்டின் கீழ் விளிம்பில் ஐந்து விரல்களும் வெளியே வந்து அசைந்தன. பையே இல்லை. அதைத் தொடர்ந்து துணி உள்ளுக்குள் கிழிகிற சத்தம் கேட்டது. சாம்பல் நிறப் பொடி கொட்டியது. பொடியோடு ஒரு கல் விழுந்து இரண்டாகப் பிளந்தது. இளஞ்சிவப்பு மணிகள் உருண்டு எல்லார் நாற்காலிக்கு அடியிலும் போயின. மிட்டாய் என்று குனிந்த பிள்ளைகளின் கையை மகள் தட்டிவிட்டுப் பொறுக்கத் தொடங்கினாள்.

மாப்பிள்ளைதான் தரையில் மண்டியிட்டார். மாமனாரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"யாரும் தண்ணி ஊத்திடாதீங்க," என்றார். "காஞ்ச கண்ணாடி ஜாடி இருக்கா?"

மச்சான் ஓடிப்போய் ஒன்றைக் காலி செய்து கொண்டுவந்தார். மாப்பிள்ளை இரண்டு துண்டுகளையும் சீட்டுக்கட்டு அட்டையால் அள்ளி உள்ளே வைத்தார். மாமனார் கிழிந்த கோட்டில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"காட்டிட்டுத் திருப்பி வச்சிடலாம்னுதான் மாப்பிள்ளை..."

"அது இருக்கட்டும் மாமா. எங்க வச்சிருந்தீங்க?"

"அலமாரியில."

"அந்துருண்டை போட்டிருந்தீங்களா?"

"நாலஞ்சு."

"சுவர் ஈரம் உண்டா?"

"மழையில கொஞ்சம் ஊறும்."

மாப்பிள்ளை ஒவ்வொரு பதிலுக்கும் உதட்டைக் கடித்தார். குளிர்காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வந்தவரிடம் மருத்துவர் கேட்பதுபோல் இருந்தது அது. விருந்து பாதியில் நிற்க, கணவனும் மனைவியும் மாமனாரும் வாடகைக் காரில் கல்லூரிக்குப் போனார்கள். வழியெல்லாம் மாமனார் ஜாடியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை பொடியை மென்மையான தூரிகையால் ஈரமில்லாமல் துடைத்தார். மூடிய பெட்டியில் அமோனியா ஆவியில் கல்லைக் கிடத்தினார். கசிந்திருக்கும் அமிலத்தை அது அடக்கும் என்றார். நெடி தாங்காமல் மாமனாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். நடையில் கிடந்த பெஞ்சில் அவர் அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்போல் உட்கார்ந்திருந்தார். மகள் வெளியே வந்ததும் எழுந்துவிட்டார். பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்தார்.

"பொழச்சிக்குமா மாப்பிள்ளை?"

"பாதி பொழச்சிக்கும் மாமா."

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது, அமோனியாவாகவும் இருக்கலாம். பிறகுதான் தன் கோட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பையைச் சுற்றி ஓட்டை. ஓரமெல்லாம் பழுப்பாகப் பொரிந்து, தொட்டால் உதிர்ந்தது. எத்தனையோ கறைகளைப் பார்த்த தொழில் மனசு விழித்துக்கொண்டது. மை, எண்ணெய், துரு, ரத்தம் எல்லாம் எடுத்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று வியந்தார். உள்ளே போய், மாப்பிள்ளை அந்த இளஞ்சிவப்பு மணிகளை அடுப்பில் சூடாக்குவதைப் பார்த்தார். சிவப்பு மெல்ல மங்கி, மணிகள் ஒவ்வொன்றாக நீலத்துக்குத் திரும்பின. அவை வெறும் ஈரம் உறிஞ்சிகள் என்று கேட்டதும் குனிந்து மறுபடி ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு, தன் கடையில் பட்டுத் துணி வைக்கிற பெட்டிக்கு ஒரு கிலோ கிடைக்குமா என்று கேட்டார்.

அன்றைக்குப் பிறகு மாமனார் அடிக்கடி கல்லறைக்கு வந்தார். எந்தத் தூரிகை கம்பளிக்கு ஒத்துவருமோ அது கல்லுக்கும் ஒத்துவரும் என்று சொந்தக் கடையிலிருந்து சிலவற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை அவற்றில் ஒன்றை இப்போதும் பயன்படுத்துகிறார். மற்றவை ரொம்ப முரடு என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

நடந்ததை நினைத்து மாமனார் கூனிக் குறுகிப் போயிருப்பார் என்று மகள் பயந்தாள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. கிழிந்த கோட்டைக் கடையின் முகப்பில் மாட்டிவிட்டார். "என் மாப்பிள்ளை பாத்துக்கிற கல்லு சாதாரணக் கல்லு இல்ல. கோட்டையே தின்னுடும். அதையும் அவரு கைக்குள்ள வச்சிருக்காருன்னா பாத்துக்குங்க," என்று வருகிறவர்களிடம் சொன்னார். விமானத்தை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கோட்டைத் தின்கிற கல்லை யார் பார்த்தது? கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். மச்சானுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஒருநாள் மச்சானே கல்லறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துவாலைப் பொட்டலம். மாமனார் அப்போது உள்ளேதான் இருந்தார். மச்சான் அவரைக் கண்டுகொள்ளாமல் நேராக மாப்பிள்ளையிடம் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். கொல்லைப்புறத்தில் தோண்டும்போது கிடைத்தது, ஓரத்தில் சாம்பல் பூத்திருக்கிறது, ஒரு மாதிரி வாடையும் வருகிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். அது சிமெண்டுக் கட்டி. பழைய குளியலறைத் தரையிலிருந்து பெயர்ந்தது.

மாமனாருக்கு முகம் மலர்ந்தது. மாப்பிள்ளை வாயைத் திறந்து சிமெண்டு என்ற வார்த்தையைச் சொல்லும் தருணத்துக்காக அவர் காத்திருந்தார். மாப்பிள்ளை பூதக்கண்ணாடியை எடுத்து, கட்டியைத் திருப்பித் திருப்பி, அவருக்கே உரிய நிதானத்தோடு நெடுநேரம் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"ஆரோக்கியமா இருக்குங்க," என்றார். "ஈரம் மட்டும் படாம பாத்துக்குங்க."

மச்சான் அதைத் துவாலையில் பத்திரமாகச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். கல்லூரிக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. அவர் தலையைத் தூக்கவில்லை. படியில் கால் தடுக்கிவிடக் கூடாதே என்று கீழேயே பார்த்து நடந்தார்.